இரண்டு புள்ளிகளின் கணக்கு: இலக்கு உதைக்கும் இளம் வீரருக்கு ஒரு கடிதம்

ரக்பி லீக் அணியொன்றில் இலக்கு உதைக்கும் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருக்கும் இளம் வீரருக்கு,

களத்திலுள்ள பதின்மூன்று பேரும் ஓடுகிறார்கள், தடுக்கிறார்கள், பந்தைக் கைமாற்றுகிறார்கள். அவர்கள் செய்யும் பிழைகளுள் பெரும்பாலானவை அடுத்த நொடியின் மோதலில் கரைந்து போகின்றன. இலக்கு உதைப்பவருடைய வேலை மட்டுமே ஆட்டம் நின்றுபோன நிலையில், எதிரணியார் யாரும் நெருங்க முடியாத தனிமையில், அரங்கமே பார்த்திருக்க நடைபெறுகிறது. எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கையால் தரையில் ஊன்றி வைப்பது டிரை எனப்படும். அது இன்று 4 புள்ளிகளைத் தருகிறது; 1983 வரை 3 புள்ளிகளையே தந்தது. டிரைக்குப் பின் தரையில் நிறுத்திய பந்தை இரு கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பத்துக்கு மேலாக உதைத்து அனுப்புவது கன்வர்ஷன். எதிரணியின் விதிமீறலுக்காகக் கிடைக்கும் உதை பெனால்ட்டி. இவ்விரண்டும் கம்பங்களுக்கு நடுவே சென்றால் கோல்; தலா 2 புள்ளிகள். பந்தைக் கையிலிருந்து நழுவவிட்டு, அது தரையில் பட்டு எழும் கணத்தில் உதைப்பது டிராப் கோல். அதற்கு இப்போது பொதுவாக 1 புள்ளிதான், ஆனால் 1974 வரை இங்கிலாந்தில் அதற்கும் 2 புள்ளிகள் தரப்பட்டன. பெனால்ட்டியும் கன்வர்ஷனும் தனித்துத் தெரிவதால் அவற்றில் நேரும் தவறும் தனித்தே நினைவில் நிற்கிறது. ஆகவே பார்வையாளரின் நினைவிலிருந்து வேறான ஒரு கணக்கை உதைப்பவர் தமக்கென வைத்துக்கொள்வது இன்றியமையாதது. அக்கணக்கு எத்தகையது என்பதை யார்க்‌ஷயரின் ஒரே குடும்பத்தில் பிறந்த இரு சகோதரர்களின் வாழ்க்கை மிகத் தெளிவாகக் காட்டுகிறது.

வேக்ஃபீல்டு நகருக்கு அருகிலுள்ள ஷார்ல்ஸ்டன் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில் 1939இல் பிறந்த நீல் ஃபாக்ஸ், பதினாறு வயதில், 1956இல், வேக்ஃபீல்டு டிரினிட்டி அணிக்காகக் களமிறங்கினார். அடுத்த இருபதாண்டுகளுக்கும் மேலாகப் பிராட்ஃபோர்டு நார்தர்ன், ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ், யார்க், பிராம்லி, ஹடர்ஸ்ஃபீல்டு எனப் பல அணிகளில் ஆடி, மொத்தம் 6,220 புள்ளிகளைச் சேர்த்தார். இந்த ஆட்டத்தின் வரலாற்றில் அதைவிட அதிகமான புள்ளிகளை எடுத்தவர் எவருமில்லை. இந்த எண்ணை வியப்பதோடு இளைஞர் நின்றுவிடாமல் அதைப் பகுத்துப் பார்க்க வேண்டும். நீல் போட்ட டிரைகள் 358. அக்கால விதிப்படி அவற்றால் வந்தவை 1,074 புள்ளிகள். எஞ்சிய 5,146 புள்ளிகளும் காலால், பெரும்பாலும் இரண்டிரண்டாகச் சேர்ந்தவை. இங்கிலாந்தின் வடபுலத்துக் குளிர்கால மைதானங்களில், மறுநாள் யாரும் பேசாத ஆட்டங்களில், ஏற்கெனவே வெற்றி உறுதியான பின்னரோ தோல்வி உறுதியான பின்னரோ உதைத்தவையும் அவற்றில் அடங்கும். எந்த உதை பெரிது, எது சிறிது என்று பிரித்துப் பார்க்காத மனத்துக்குத்தான் இத்தகைய தொகை கைகூடும்.

அதே எண்ணின் மறுபாதியும் கவனத்துக்குரியது. 358 டிரைகள் என்பது, ஒருமுறைகூட இலக்கை உதைக்காத ஒரு சென்டருக்கே, அதாவது களத்தின் நடுப்பகுதியில் ஓடித் தாக்கும் பின்வரிசை வீரருக்கே, பெருமை தரக்கூடிய எண்ணிக்கை. உதைப்பதற்காக மட்டும் ஒருவரைக் களத்துக்குள் அனுப்பிப் பிறகு வெளியே அழைத்துக்கொள்ளும் வழக்கம் ரக்பி லீக்கில் இல்லை. எண்பது நிமிடங்கள் ஓடி, மோதி, தடுத்து, மூச்சிரைக்கும் அதே கால்தான் கன்வர்ஷனையும் உதைத்தாக வேண்டும். எனவே முதலில் நல்ல ஆட்டக்காரராக இருப்பதும், அதற்கு மேல் உதைப்பவராக இருப்பதுமே சரியான வரிசை. ஓய்வெடுத்த உடலோடு மாலையில் தனியாக நின்று ஐம்பது பந்துகளை உதைப்பதைவிட, கடும் ஓட்டப் பயிற்சியின் நடுவே, நெஞ்சு படபடக்கும்போது பத்துப் பந்துகளை உதைப்பது ஆட்டத்தின் உண்மை நிலைக்கு நெருக்கமானது.

நீல் ஃபாக்ஸின் அறிவுக்கூர்மையைக் காட்டும் ஆட்டம், அவர் இரண்டு டிரைகளும் ஏழு கோல்களுமாக 20 புள்ளிகள் எடுத்து, ஹல் அணியை 38-5 என வீழ்த்த உதவிய 1960ஆம் ஆண்டுச் சேலஞ்ச் கோப்பைப் போட்டித்தொடரின் இறுதி ஆட்டம் அல்ல. ஈராண்டுகள் கழித்து, அதே வெம்ப்ளி அரங்கில், ஹடர்ஸ்ஃபீல்டு அணியை 12-6 என வென்ற இறுதியே அது. முன்னதில் வழிகள் திறந்திருந்தன. பின்னதில் வேக்ஃபீல்டு இரண்டு டிரைகளை மட்டுமே போட முடிந்தது; அவற்றுள் ஒன்று நீல் போட்டது. மீதி ஆறு புள்ளிகளும் அவர் அடித்த மூன்று டிராப் கோல்களால் வந்தவை. ஆட்டத்தின் சிறந்த வீரருக்குரிய லான்ஸ் டாட் கோப்பையும் அவருக்கே கிடைத்தது. எதிரணியின் தடுப்பு உடையாது என்று கண்டபோது, கிடைக்கும் சிறிய பயனைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளும் தெளிவு அதில் இருக்கிறது. உதைக்கும் வலிமையைவிட அத்தெளிவு அரிதானது என்றே கூற வேண்டும்.

உதையின் நுட்பத்தைப் பொறுத்தவரை, அன்றைய முறைகளைப் பின்பற்றத் தேவையில்லை. ஆனால் அவற்றின் கடினத்தை அறிந்திருப்பது நல்லது. அக்காலத்துப் பந்து தோலாலானது. மழையில் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். குதிகாலால் தரையில் சிறு குழி பறித்து அதில் பந்தை நிறுத்தி, நேர்கோட்டில் ஓடிவந்து, காலணியின் முனையால் உதைப்பதே பரவலான வழக்கம். இன்று ஞெகிழித் தாங்கியின் மேல் பந்தை நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து வளைந்து ஓடிவந்து, பாதத்தின் மேற்புறத்தால் உதைக்கிறார்கள்; பந்தில் படும் பரப்பு அதிகமாதலால் சிறு பிழைகள் ஓரளவு பொறுத்துக்கொள்ளப்படுகின்றன. மாறாதது வடிவியல். டிரை எந்த இடத்தில் போடப்பட்டதோ அதற்கு நேராக, பக்கக் கோட்டுக்கு இணையான ஒரு கோட்டில், எவ்வளவு தொலைவு வேண்டுமானாலும் பின்னுக்குச் சென்று கன்வர்ஷனை உதைக்கலாம். கம்பங்களுக்கு இடையிலுள்ள அகலம் 5.5 மீட்டர். கம்பங்களுக்கு நேர் எதிரே 20 மீட்டர் தொலைவில் நிற்பவருக்கு அந்த இடைவெளி ஏறத்தாழ 15.7 பாகைக் கோணமாகத் தெரியும். 68 மீட்டர் அகலமுள்ள களத்தின் விளிம்பிலிருந்து உதைப்பவருக்கு, அவர் எவ்வளவு பின்னே போனாலும், 4.6 பாகைக்கு மேல் கிடைக்காது. அதுவும் 34 மீட்டர் பின்னே சென்றால்தான் கிடைக்கும், அங்கிருந்து கம்பங்களின் நடுவுக்குத் தொலைவோ 48 மீட்டர். கோணம் அகலத் தொலைவு கூடுகிறது, தொலைவு குறையக் கோணம் சுருங்குகிறது. எந்த இடத்தில் தம் கால் இவ்விரண்டையும் ஒருசேரத் தாங்கும் என்பதை ஒவ்வொரு உதைப்பவரும் தமக்கென அளந்து வைத்திருக்க வேண்டும். அதனால்தான் டிரை போடும் வீரர், முடிந்தவரை, கம்பங்களை நோக்கி வளைந்து ஓடி நடுவில் பந்தை ஊன்றப் பார்க்கிறார்.

இனி, நீலின் அண்ணன் டான் ஃபாக்ஸ். ஃபெதர்ஸ்டோன் ரோவர்ஸ் அணியில் நெடுங்காலம் ஸ்க்ரம் ஹாஃபாக, அதாவது முன்வரிசையையும் பின்வரிசையையும் இணைக்கும் வீரராக, ஆடிப் பெயர்பெற்ற பின் வேக்ஃபீல்டுக்கு வந்தவர் அவர். 1968 மே 11 அன்று வெம்ப்ளியில் லீட்ஸ் அணிக்கு எதிரான சேலஞ்ச் கோப்பை இறுதியில் நீல் காயத்தால் ஆடவில்லை. உதைக்கும் பொறுப்பு டானிடம் வந்தது. பெருமழையால் களம் குளமாகி, வீரர்கள் வழுக்கி விழுந்துகொண்டே ஆடிய அந்த ஆட்டத்தில், மற்ற எவரையும்விடத் தேர்ச்சியோடு ஆடியவர் டான் என்று முடிவாகி, லான்ஸ் டாட் கோப்பைக்கு அவரே தேர்ந்தெடுக்கப்பட்டார். கடைசிக் கணங்களில் லீட்ஸ் 11-7 என முன்னிலையில் இருந்தது. ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் உதையை டான் உயரே அனுப்பாமல் தரையோடு உருட்டினார். அதைத் துரத்திச் சென்ற கென் ஹர்ஸ்ட், பந்தைக் காலால் முன்னே தள்ளிக்கொண்டே ஓடி, கம்பங்களுக்கு நேர் கீழே டிரை போட்டார். 11-10. கம்பங்களுக்கு எதிரேயுள்ள எளிய கன்வர்ஷன் ஒன்றே பாக்கி; அது நிறைவேறினால் கோப்பை வேக்ஃபீல்டுக்கு. டான் உதைத்த பந்து வலப்புறமாக விலகிப் போயிற்று. அவர் தரையில் சரிந்த காட்சி தொலைக்காட்சியில் மீண்டும் மீண்டும் காட்டப்பட்டு, 2008இல் அவர் மறைந்த பின்னும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

தோல்விக்கு டானே காரணம் என்னும் இந்தத் தீர்ப்பு நியாயமானதன்று. அது ஏன் என்பதை ஆட்டத்தின் புள்ளிக்கணக்கே சொல்கிறது. அன்று வேக்ஃபீல்டு இரண்டு டிரைகள் போட்டது, லீட்ஸ் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றும், பந்தைத் துரத்திய ஜான் அட்கின்சனை எதிரணியார் மறித்தார்கள் என்று நடுவர் வழங்கியது. லீட்ஸின் எஞ்சிய எட்டுப் புள்ளிகளும் பெவ் ரிஸ்மன் அதே மழையில், அதே சேற்றில் உதைத்த நான்கு கோல்களால் வந்தவை. ஆட்டத்தைத் தீர்மானித்தது எண்பது நிமிடங்களில் விழுந்த அந்த நான்கும், டான் அடித்த இரண்டு கோல்களும், டான் தவறவிட்ட ஒன்றும் சேர்ந்த கணக்கு. ரிஸ்மனின் நான்கு கோல்களுள் ஏதேனும் ஒன்று விலகியிருந்தால் கடைசி உதைக்கு முன்பே வேக்ஃபீல்டு முன்னிலை பெற்றிருக்கும். அப்படியிருந்தும் ரிஸ்மனின் உதைகள் பதிவேட்டில் தங்கிவிட்டன, டானின் உதை மக்கள் மனத்தில் தங்கிவிட்டது. கடைசி டிரைக்கு வழிவகுத்த அந்த உருட்டு உதையும் அதே டானின் காலிலிருந்து புறப்பட்டதுதான் என்பதைப் பெரும்பாலோர் சேர்த்துச் சொல்வதில்லை. இளைஞர் இதை மனத்தில் இருத்த வேண்டும்: இறுதிக் கணத்தின் உதை ஆட்டத்தின் முதல் நிமிட உதையைவிட ஒரு புள்ளிகூட மேலதிகம் பெறுவதில்லை. முதல் பாதியில் கவனமின்றித் தவறவிட்ட பெனால்ட்டிக்காக ஒருவர் தம்மைக் கேள்வி கேட்டுக்கொள்ளாமல், கடைசி உதைக்காக மட்டும் வருந்துவாரானால், அவர் பார்வையாளரின் கணக்கையே தம் கணக்காக ஏற்றுக்கொண்டவர் ஆவார்.

வெற்றியைத் தீர்மானித்த உதை இலக்கை அடைந்த நாளுக்கும் இதுவே பொருந்தும். ஓல்டமில் பிறந்து, 1997 முதல் கழக ஆட்டங்களில் லீட்ஸ் அணிக்காக மட்டுமே ரக்பி லீக் ஆடி, அதன் தலைவராக ஏழு கிராண்டு ஃபைனல்களை, அதாவது பருவத்தின் இறுதிப் போட்டிகளை, வென்றவர் கெவின் சின்ஃபீல்டு. 2015இல், ரக்பி லீக்கில் அவருடைய கடைசி ஆட்டத்தில், விகனுக்கு எதிராக 20-20 என்ற நிலையில் அவர் உதைத்த கன்வர்ஷன் தந்த 22-20 என்ற முன்னிலையே இறுதி முடிவாக நிலைத்தது. அதைப் பெருமூச்சோடு நினைவுகூர்வோர் பலர். ஆனால் அந்த உதைக்குப் பின்னால், 4,000 புள்ளிகளைக் கடந்த ஒரு நீண்ட உழைப்பு நின்றது; புதிதாக எதையும் செய்ய வேண்டிய தேவை அவருக்கு அப்போது எழவில்லை.

இறுதியாக, மிகுதியும் புறக்கணிக்கப்படும் ஒரு நடைமுறை. 1968இல் டான் உதைத்தது, தம் தம்பி காயமுற்றதால். ஒவ்வோர் அணியிலும் இரண்டாம் உதைப்பவர் ஒருவர் உண்டு. அவருக்குப் பயிற்சி நேரம் பெரும்பாலும் மிச்சமாகவே கிடைக்கிறது. இளைஞர் இவ்வாண்டு அணியின் முதல் உதைப்பவராக இருந்தால், பயிற்சியின்போது ஒவ்வொரு மூன்றாவது பந்தையும் அந்த இரண்டாமவருக்குத் தர வேண்டும்; தாமே இரண்டாமவராக இருந்தால், அதைக் கூச்சமின்றிக் கேட்டுப் பெற வேண்டும். பந்துகளில் சிலவற்றைத் தண்ணீரில் நனைத்தே வைத்திருப்பதும், மழை பெய்து பயிற்சி கைவிடப்படும் நாள்களில் இருவருமாகக் களத்துக்குச் சென்று, கம்பங்களுக்கு நேர் எதிரே, எளிதென்று எல்லோரும் ஒதுக்கும் அந்த இடத்திலிருந்தே முதலில் உதைத்துப் பார்ப்பதும், பிறகு விளிம்பை நோக்கி நகர்வதும் நன்று.