பனிநாளில் ஒரு தந்தை

நுழையும்முன்

தாலாட்டும் சோறூட்டலும் தாய்க்கே உரியவை என்று பல சமூகங்கள் நெடுங்காலமாக எண்ணி வந்துள்ளன. வட ஐரோப்பிய நாடான சுவீடன் அவ்வெண்ணத்தைச் சட்டத்தின் துணையோடு மாற்ற முயன்றது. அம்முயற்சியின் பயனை, அந்நாட்டுத் தந்தை ஒருவரின் பனிக்கால நாளின் வழியே இப்பாடம் காட்டுகிறது.

பிப்ரவரித் திங்களின் ஒரு வியாழக்கிழமை. ஸ்டாக்ஹோம் நகரில் காலை ஆறு மணிக்கு இருள் அடர்ந்து கிடக்கிறது. கதிரவன் எழ இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் கணவனும் மனைவியும் சமையலறையில் நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருக்கின்றனர். நான்கு வயது மகளுக்கும் ஒன்றரை வயது மகனுக்கும் நேற்று வரை காய்ச்சல், இன்று இல்லை. ஆயினும், காய்ச்சல் நீங்கியபின் ஒரு நாளேனும் குழந்தை வீட்டில் இருந்துவிட்டு வரவேண்டும் என்பது அங்குள்ள மழலையர் பள்ளிகளில் பரவலாக உள்ள வழக்கம். எனவே, வீட்டில் இருக்கப்போவது யார் என்பதே இப்போதைய கேள்வி. நேற்று தாய் இருந்தார். இன்று தந்தையின் முறை.

இந்தத் தந்தைக்கு இங்குப் பெயர் தேவையில்லை. அவரைப் போன்றோர் அந்நாட்டில் பல்லாயிரவர் உள்ளனர். நோயுற்ற குழந்தையைப் பேணுவதற்காகப் பெற்றோர் வேலைக்குச் செல்லாதிருப்பதைச் சுவீடிய மொழியில் 'வாப்' என்பர். 'குழந்தையைப் பேணுதல்' என்னும் தொடரின் முதலெழுத்துகளால் ஆன சொல் அது. அந்நாளுக்கு ஊதியத்தில் ஏறத்தாழ எண்பது விழுக்காட்டைச் சமூகக் காப்பீடு வழங்குகிறது; அத்தொகைக்கு உச்சவரம்பும் உண்டு. சளியும் காய்ச்சலும் மிகுந்த பிப்ரவரியை மக்கள் வேடிக்கையாக 'வாப்ருவாரி' என்றே அழைக்கின்றனர். சட்டம் ஒன்று மக்கள் நாவில் இப்படிப் புதுச்சொல்லாய்ப் புழங்குவது அரிதே.

சட்டம் வந்தும் தந்தையர் வரவில்லை

தாய்க்கு மட்டும் இருந்த பேறுகால விடுப்பை, 1974ஆம் ஆண்டில் சுவீடன் பெற்றோர் இருவருக்கும் பொதுவான விடுப்பாக மாற்றியது. அன்று பகிர்ந்துகொள்ளத் தரப்பட்டவை 180 நாள்கள். அவற்றில் தந்தையர் எடுத்துக்கொண்டது ஒரு விழுக்காட்டிற்கும் குறைவே. கதவைத் திறந்து வைத்தும் உள்ளே நுழைவோர் இல்லை. அப்பத்தாண்டின் பிற்பகுதியில், பெயர்பெற்ற பளுதூக்கும் வீரர் லென்னார்ட் டால்கிரென் தம் பருத்த கைகளில் கைக்குழந்தையை ஏந்தி நிற்கும் சுவரொட்டியை அரசு ஊரெங்கும் ஒட்டியது. குழந்தையைத் தூக்குவது ஆண்மைக்கு இழுக்கன்று என்று சொல்ல ஒரு மல்லன் தேவைப்பட்டான்!

சுவரொட்டியால் ஆகாததைப் பிற்காலச் சட்டத் திருத்தங்கள் ஓரளவு செய்தன. 1995இல் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஒரு மாத விடுப்பு தனியே ஒதுக்கப்பட்டது. அதனை மற்றவருக்கு மாற்றித்தர இயலாது. எடுக்காவிடில் அம்மாதம் வீணாகும். 2002இல் அது இரண்டு மாதமாகவும், 2016இல் மூன்று மாதமாகவும் உயர்ந்தது. இன்று ஒரு குழந்தைக்கு உரிய 480 நாள்களில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு தந்தையரால் எடுக்கப்படுகிறது. அரை நூற்றாண்டில் எட்டிய தொலைவு இது. பாதியை இன்னும் எட்டவில்லை என்பதும் உண்மையே.

தனித்திருக்கும் பகல்

தாய் சென்றபின் வீட்டில் மூவர் எஞ்சினர். சிறுவனின் மூக்கைத் துடைக்கவேண்டும். கஞ்சி பொங்கி வழியாமல் பார்க்கவேண்டும். நோய் நீங்கிய மகளோ கட்டிலையே குதிக்கும் மேடையாக்கிவிட்டாள். அலுவலகக் கூட்டத்தில் கைப்பேசி வழியே கலந்துகொள்ளலாம் என்ற அவரது திட்டம் ஒன்பது மணிக்குள் கலைந்துபோனது.

நண்பகலுக்கு முன் சிறுவனுக்கு உறக்கம் வருகிறது. கம்பளி உள்ளாடை, பஞ்சு வைத்த முழு உடை, தொப்பி, கையுறை என ஒவ்வொன்றாக அணிவிக்கவேண்டும். கடைசிக் கையுறையை மாட்டியபின் அணையாடை நனைந்துவிட்டால் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான். பின்னர்த் தள்ளுவண்டியில் கிடத்தி, மாடி முகப்பின் குளிர்க்காற்றில் உறங்கவிடுகிறார். நம் ஊரார் கண்டால் பதறுவர். சுவீடனிலோ உறைபனிக் காலத்திலும் குழந்தைகளை நன்கு போர்த்தித் திறந்த வெளியில் உறங்கவைப்பது இயல்பான பழக்கம். அவர் கண்ணாடிக் கதவின் அருகிலேயே அமர்ந்து காத்திருக்கிறார்.

இந்தக் காத்திருப்பில்தான் பாடம் இருக்கிறது. அண்டை நாடான நார்வே, தந்தையர்க்கென நான்கு வார விடுப்பை 1993இல் ஒதுக்கியது. அதனைப் பயன்படுத்திய தந்தையரை ஆராய்ந்த பெரிட் பிராண்ட், எலின் குவாண்டே என்னும் சமூகவியல் அறிஞர்கள், தனித்திருந்த தந்தைக்கும் மனைவியோடு சேர்ந்து விடுப்பில் இருந்த தந்தைக்கும் வேறுபாடு கண்டனர். தாய் அருகில் இருக்கையில் தந்தை உதவியாளராகவே நின்றுவிடுகிறார். தனித்து விடப்பட்டவரோ குழந்தையின் பசியையும் சிணுங்கலையும் தாமே அறியக் கற்கிறார். கடிகாரத்தின் விரைவை விட்டுக் குழந்தையின் மெதுவான காலத்துள் நுழைகிறார். கேட்டுச் செய்வதற்கும் தாமே அறிந்து செய்வதற்கும் உள்ள தொலைவு சிறிதன்று.

வியாழக்கிழமைகளில் பட்டாணிச் சாறும், அடையை ஒத்த இனிப்புத் தட்டப்பமும் உண்பது அந்நாட்டின் பழைய மரபு. மகள் அப்பத்தை மட்டும் கேட்கிறாள். சற்றுநேரம் வாதிட்டபின் தந்தை தோற்கிறார்.

மாலையில் விரைவிலேயே இருட்டிவிடுகிறது. விளக்கடியில் அஸ்ட்ரிட் லிண்ட்கிரெனின் கதைநூல் விரிகிறது. குறும்பு செய்யும் சிறுவன் எமிலைச் சினம்கொண்ட தந்தை பட்டறைக் கொட்டகையில் அடைக்கிறார். அவனோ அங்கமர்ந்து மரப்பொம்மைகள் செதுக்குகிறான். அதே ஆசிரியர் படைத்த பிப்பியின் தந்தையோ கடலோடி. கதையின் பெரும்பகுதியில் தொலைவிலேயே இருப்பவர். கடிந்துகொள்ளும் தந்தையும், கண்ணில் படாத தந்தையும் நிறைந்த இந்நூல்களை, மடியில் இரு குழந்தைகளோடு ஒரு தந்தை உரக்கப் படிக்கிறார். "அந்த அப்பா ஏன் அவ்வளவு கத்துகிறார்?" என்று மகள் கேட்கிறாள். அவருக்கு உடனே விடை வரவில்லை. காலையில் கட்டிலில் குதித்தவளை நோக்கித் தாமும் குரல் உயர்த்தியது நினைவுக்கு வருகிறது.

ஆறு மணிக்குத் தாய் திரும்புகிறார். தந்தை கைப்பேசியில் அன்றைய விடுப்பைச் சமூகக் காப்பீட்டு அலுவலகத்திற்குப் பதிவு செய்கிறார். உள்ளறையில் சிறுவன் இருமுகிறான். தாய் எழுவதற்குமுன், அது பசியால் எழுந்த இருமல் அன்று என்று சொல்லிக்கொண்டே தந்தை சென்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார். சுடுகிறது. நாளை யாருடைய முறை என்ற பேச்சு மீண்டும் தொடங்குகிறது.