சும்மா கிடைத்த மென்பொருளா?

இறுதியாண்டுத் தொழிற்பயிற்சிக்காக ஒரு நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். அங்கே தயாரான கண்காணிப்புக் கருவிக்குள் லினக்ஸ் இயங்குவதைக் கண்டேன். வாடிக்கையாளருக்குத் தரும் கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மூத்த பொறியாளரிடம் கேட்டேன். "தம்பி, அது இணையத்தில் சும்மா கிடைப்பதுதானே!" என்றார். என் பயிற்சி மதிப்பெண் அவர் கையில் இருந்ததால் பேசாமல் திரும்பினேன். ஆனால், அந்தச் 'சும்மா' மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் தேடிப் படித்ததையே இங்கு உங்களோடு பகிர்கிறேன்.

லினக்ஸ் கருநிரலுக்கு உரியது குனூ பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பு. யாரும் அதைப் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால், கருவியில் வைத்து விற்பவர் மூலநிரலையும் தரவேண்டும். அல்லது கேட்பவருக்குத் தருவதாகக் குறைந்தது மூன்றாண்டு செல்லுபடியாகும் எழுத்துமூல உறுதி தரவேண்டும். நிபந்தனையை மீறினால் உரிமம் தானாகவே முடிந்துவிடும். அதன்பின் விற்பது பதிப்புரிமை மீறலாகும்.

இதற்கு நல்ல பாடம் லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்னும் கம்பியில்லா இணையத் திசைவி. அதனுள் லினக்ஸ் இருப்பதை 2003-இல் நிரலாளர்கள் கண்டறிந்தனர், மூலநிரலோ கிடைக்கவில்லை. அவர்கள் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினர். சிஸ்கோவுக்குக் கைமாறியிருந்த லிங்க்சிஸ், அவ்வாண்டே நிரலை வெளியிட்டது. அந்த நிரலிலிருந்து 2004-இல் ஓப்பன்டபிள்யூ.ஆர்.டி. திட்டம் பிறந்தது. 2005-இல் லிங்க்சிஸே லினக்ஸ் ஆர்வலர்களுக்கென டபிள்யூ.ஆர்.டி.54ஜிஎல் என்ற தனி வகையை விற்றது. உரிமத்தை மதித்ததால் வணிகம் அழிந்துவிடவில்லை.

எல்லாம் பேச்சிலேயே முடிவதில்லை. 2004-இல் ஹரால்டு வெல்டே என்ற லினக்ஸ் நிரலாளர் சைட்காம் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். மியூனிக் நீதிமன்றம் அவ்வுரிமம் செல்லும் என ஏற்று, நிபந்தனையை நிறைவேற்றாமல் விநியோகிக்கத் தடை விதித்தது.

அப்படியானால், மீறலைக் கண்டால் நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, உறுதிப்படுத்துங்கள். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்த நிபந்தனை என்று குறித்துவையுங்கள். உரிமங்கள் அனைத்தும் ஒன்றல்ல. மூலநிரலைக் கேட்காத திறந்தமூல உரிமங்களும் உள்ளன.

இரண்டாவது, நிறுவனத்திற்குப் பணிவாக எழுதுங்கள். பல மீறல்கள் அறியாமையால் நேர்பவை. பிறரிடம் வாங்கிய பாகத்தில் என்ன இருக்கிறது என்பதே பல வேளைகளில் விற்பவருக்குத் தெரிவதில்லை.

மூன்றாவது, பதில் வராவிட்டால் நிரலை எழுதியவருக்குத் தெரிவியுங்கள். வழக்குத் தொடுக்கும் உரிமை பொதுவாகப் பதிப்புரிமையாளருக்கே உண்டு.

நான்காவது, திருந்த இடம் கொடுங்கள். 2007-இல் வந்த மூன்றாம் பதிப்பு, முதன்முறை தவறியவர் அறிவிப்புக் கிடைத்த 30 நாள்களுக்குள் சரிசெய்தால் உரிமையைத் திருப்பித் தருகிறது. நோக்கம் தண்டனையன்று, இணக்கமே.

நானும் அவ்வாறே ஒரு பக்கத்தில் எழுதி, அந்தப் பொறியாளரின் மேசையில் வைத்தேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அழைத்து, "கருவியில் இன்னும் என்னென்ன இருக்கிறது? பட்டியல் போடு தம்பி," என்றார். எஞ்சிய மூன்று வாரமும் எனக்கு அதுவே வேலையாயிற்று.

நண்பர்களே, நாளை நம்மில் பலர் இத்தகைய கருவிகளை உருவாக்கப் போகிறோம். பிறர் உழைப்பைப் 'பொது' என்று எடுக்கும்போது, அவர் கேட்ட சிறு கைம்மாறையும் மறவாமல் செலுத்துவோம்.