கப்பலில் வரும் பிள்ளைக்கு ஒரு வேலை

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம்மவர்களில் பலர் இப்பொழுது குடும்பத்தோடு உல்லாசக் கப்பலில் ஏறுகிறார்கள். சிங்கப்பூரில் புறப்பட்டு, பினாங்கு, புக்கெட் என்று சில இரவுகள் போய் வருகிறார்கள். பெரியவர்களுக்கு அது ஓய்வு. 5 வயதுப் பிள்ளைக்கு நீச்சல் குளம் போதும். 15 வயதுப் பிள்ளை தன் வயதொத்தவர்களைத் தேடிக்கொள்ளும். இடையில் அகப்பட்டுக்கொள்வது 10 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைதான். சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு அறைக்குப் போக அதற்கு வெட்கம். பெரிய பிள்ளைகளோ அதைச் சேர்த்துக்கொள்வதில்லை. இரண்டாம் நாள் காலையிலேயே, "அத்தா, பொழுது போகவில்லை" என்று வந்து நிற்கும். நாமும் கைத்தொலைபேசியைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் கடலுக்கு வந்தும், பிள்ளை கடலைப் பார்க்காமலே திரும்புகிறது.

இதற்கு வழி என்ன? கடை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று தெரியும். விடுமுறையில் கடைக்கு வரும் பையனை முக்காலியில் சும்மா உட்கார வைத்தால், அரைமணி நேரத்தில் வீட்டுக்குப் போகவேண்டும் என்பான். பென்சிலைக் கொடுத்து, இருப்புச் சரக்கை எண்ணி எழுதச் சொன்னால் பசிகூடத் தெரியாது. ஆகையால் கப்பலுக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். "நம் பிரயாணக் கணக்கு உன் பொறுப்பு" என்று சொல்லிப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். அதில் எழுத வேண்டியவை ஐந்து.

முதலாவது, பாதுகாப்பு. 2012ஆம் ஆண்டில் கோஸ்டா கான்கார்டியா என்னும் கப்பல் இத்தாலியின் கரையோரப் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அதன் பின்பு சர்வதேச விதி திருத்தப்பட்டது. 2015 முதல், கப்பல் புறப்படுமுன்போ புறப்பட்ட உடனேயோ பிரயாணிகளுக்கு ஆபத்துக்காலப் பயிற்சி கொடுத்தாக வேண்டும். ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் எல்லோரும் கூடவேண்டும் என்பது பொருள். நம் குடும்பம் கூடவேண்டிய இடம் எது, அறையிலிருந்து மாடிப்படிக்கு எத்தனை கதவுகள் என்று பிள்ளை எண்ணி எழுதட்டும். பிறகு அதுவே முன்னே நடந்து பெரியவர்களை அங்கே அழைத்துச் செல்லட்டும். கைப்பிடிக் கம்பியில் ஏறக்கூடாது என்பதையும் அந்தப் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாவது, தூரம். ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர். மணிக்கு ஒரு கடல் மைல் போவதை ஒரு நாட் என்கிறார்கள். நாட் என்றால் முடிச்சு. முற்காலத்து மாலுமிகள் முடிச்சுப் போட்ட கயிற்றைக் கடலில் விட்டு, மணற்கடிகாரம் வடிவதற்குள் எத்தனை முடிச்சு ஓடியது என்று எண்ணி வேகத்தைக் கண்டதால் வந்த பெயர். கப்பலின் வேகம் 17 நாட் என்றால், மாலை 6 முதல் காலை 6 வரை 204 கடல் மைல்; அதாவது சுமார் 378 கிலோமீட்டர். வகுப்பில் கசக்கும் பெருக்கல் கணக்கு இங்கே இனிக்கும்.

மூன்றாவது, இரவு விளக்குகள். கப்பலின் இடப்புறம் சிவப்பு விளக்கு, வலப்புறம் பச்சை விளக்கு. தூரத்துக் கப்பலில் சிவப்பு மட்டும் தெரிந்தால், அது நமக்கு இடப்பக்கமாகப் போகிறது. பச்சை மட்டும் தெரிந்தால் வலப்பக்கமாகப் போகிறது. இரண்டும் தெரிந்தால் நம்மை நோக்கி வருகிறது. மலாக்கா நீரிணை உலகிலேயே கப்பல் நெரிசல் மிகுந்த வழிகளில் ஒன்று. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அரைமணி நேரம் தளத்தில் நின்றால் நோட்டில் ஒரு பக்கம் நிரம்பிவிடும்.

நான்காவது, தொடுவானம். கடற்கரையில் நிற்கும் பெரிய ஆளுக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தொலைவில் கடல் முடிகிறது. நீர்மட்டத்துக்கு 30 மீட்டர் உயரத்தில் நின்றால் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வரை தெரியும். தொலைவில் வரும் கப்பலின் மேற்பகுதி முதலில் தெரிந்து, உடல் பிறகு தெரிவதைப் பிள்ளை பார்க்கட்டும். பூமி உருண்டை என்று புத்தகத்தில் படித்ததை அது கண்ணால் காணும். சிங்கப்பூர் நீரிணையில் மேற்கே போகையில், 1855இல் எழுப்பிய ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கத்தையும் தேடச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, கரை. பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் கார்ன்வாலிஸ் கோட்டையும் மணிக்கூண்டும் பக்கத்திலேயே இருக்கின்றன. நம் முன்னோர் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கும் நடந்தே போகலாம். வரைபடத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்து, "நீ வழிகாட்டு" என்று பின்னால் நடங்கள். ஒரு தெரு தவறினால் என்ன? தானே கண்டுபிடித்துத் திரும்பட்டும். 20 ரிங்கிட் கொடுத்து, செலவை எழுதச் சொல்லுங்கள். புக்கெட்டில் கடிகாரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும். கரையிறங்கினால் எந்த நேரத்தின்படி கப்பலுக்குத் திரும்பவேண்டும் என்று கேட்டு எழுதி வைப்பதும் அதன் வேலையே.

வீடு திரும்பியதும் அந்த நோட்டுடன் பிள்ளையை வீட்டுப் பெரியவர்களிடம் அனுப்புங்கள். 1926இல் கட்டப்பட்டு 1970களின் தொடக்கம் வரை ஓடிய ராஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்தவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். எத்தனை நாள் ஆயிற்று, எங்கே படுத்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு, தன் கணக்குக்குப் பக்கத்தில் எழுதட்டும். பேச ஆளில்லாமல் இருக்கும் பெரியவருக்கும் அது ஒரு நல்ல மாலைப்பொழுது.

கைத்தொலைபேசியை அடியோடு பிடுங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அன்றைய பக்கம் எழுதி முடித்த பிறகு கொடுங்கள். ஆனால் ஒன்று: நோட்டைக் கொடுத்துவிட்டு நாம் போய்ப் படுத்துக்கொண்டால் பிள்ளையும் அதை மூடிவைத்துவிடும். தினம் ஒரு மணி நேரமாவது அத்தாவோ அம்மாவோ கூட நின்று, "இன்று எத்தனை மைல்?" என்று கேட்கவேண்டும். 12 வயதுப் பிள்ளை நாம் கூப்பிட்டால் இன்னும் வருகிறது. இரண்டு மூன்று ஆண்டு போனால் அதற்கு அதன் தோழர்கள் இருப்பார்கள். வருகிற விடுமுறைக்குச் சீட்டு வாங்கியிருப்பவர்கள் நோட்டையும் இப்பொழுதே வாங்கி வைத்துவிடுங்கள்.