குழல் வாங்கும் முன் செட்டைக் கேளுங்கள்

நாட்றாம்பாளையத்திலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறீர்கள். லீவு நாளில் ஊர்ப் பக்கத்து மேளச் செட்டில் சேர்ந்து வாசிக்க ஆசை. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் சொந்தமாக ஒரு நாயனம் வாங்கிவிடலாம் என்று நினைக்கிறீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் 'வாசிப்பு நன்றாக இருந்தால் போதும், எந்தக் குழலானால் என்ன?' என்று மட்டும் நினைக்காதீர்கள். உங்கள் குழல் உங்களோடு நிற்காது, அது செட்டில் இருக்கிற எல்லார் பிழைப்பையும் தொடும்.

முதலில் கட்டையைக் கேளுங்கள். நாதஸ்வரத்தின் சுருதி மரத்தைக் கடையும்போதே ஏறக்குறைய முடிவாகிவிடும். சீவாளியை மாற்றியும், கீழ்த்துளைகளில் மெழுகு வைத்தும் கொஞ்சம் சரிக்கட்டலாம், அவ்வளவுதான். முதல் நாயனம் இரண்டு கட்டை, நீங்கள் கொண்டுபோனது இரண்டரை என்றால், இரண்டு பேரும் வித்வான்களாக இருந்தாலும் சேர்ந்து ஊத முடியாது. ஒருவர் ஊத, மற்றவர் குழலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அடுத்த முகூர்த்தத்துக்கு யாரைக் கூப்பிடுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்குத் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையைவிடப் பெரிய சாட்சி இல்லை. அவர் (1898–1956) தொழிலுக்கு வந்த காலத்தில் திமிரி நாயனம்தான் வழக்கம். நீளம் குறைவு, சுருதி நான்கு கட்டைக்கு மேல். வீதி உலாவில் தூரத்துக்குக் கேட்கும். உட்கார்ந்து மணிக்கணக்கில் ராகம் விரிப்பதற்கு அந்த உச்சம் ஒத்துவராது. அவர் நீளமான பாரி நாயனத்துக்கு மாறினார். சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கியது. கும்பகோணம் மயிலாடுதுறை வழியில் இருக்கும் நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதன் ஆசாரி, சுத்த மத்யமம் சுத்தமாகப் பேசும் பாரியை அவருக்காகக் கடைந்து கொடுத்தார். பெரிய வித்வான் கட்டையை இறக்கினால் பக்கத்தில் உட்காருகிறவரும் அதே கட்டைக்கு வந்தாக வேண்டும். ஒருவருடைய தேர்வு காலப்போக்கில் தொழில் முழுவதையும் பாரிக்குக் கொண்டுவந்துவிட்டது. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அந்தக் குழல் ஆச்சா மரத்தில் செய்வது. காவிரியை ஒட்டிய நம் காடுகளிலும் ஆச்சா உண்டு. அதனால் உள்ளூரிலேயே மரம் எடுத்துக் கடையலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஆசாரிமார் தேடுவது பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், பல பத்தாண்டு காய்ந்து இறுகிய உத்தரமும் தூணும். பச்சை மரம் வெடித்துவிடும். போதாததற்கு, நம் பக்கத்துக் காடு 2022 முதல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம். அங்கே மரத்தில் கை வைப்பது குற்றம்.

எல்லைக்காரர்களுக்கு இன்னொரு கேள்வி வரும்: சாக்ஸபோன். அத்திப்பள்ளி தாண்டிவிட்டால் பெங்களூரு மண்டபங்களில் வாலகத்தோடு (நாயன மேளத்தோடு) சாக்ஸபோனும் கேட்கிறார்கள். அதற்கு வழி போட்டவர் கத்ரி கோபால்நாத். நாதஸ்வர வீட்டுப் பிள்ளை. மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு அதைப் பிடித்துக்கொண்டவர். 1994இல் வந்த 'டூயட்' படத்தில் நாம் கேட்டது அவர் வாசிப்பைத்தான். சாவிகள் வைத்த வாத்தியத்தில் கமகம் வரவழைக்க அவருக்குப் பல வருட உழைப்பு தேவைப்பட்டது. நீங்கள் தொடங்குவதானால் ஒரு கணக்கு தெரிந்திருக்கட்டும்: ஆல்டோ சாக்ஸபோனில் 'சி' விரல் வைத்து ஊதினால் கேட்பது 'இ பிளாட்', நம் கணக்கில் இரண்டரைக் கட்டை. செட்டின் நாயனம் இரண்டரை என்றால் அதோடு சுலபமாகச் சேரும். இரண்டு கட்டைச் செட்டில் விரல் முழுவதையும் மாற்றிப் பழக வேண்டும்.

தோல் வாத்தியக்காரர்களுக்குக் கட்டைத் தொல்லை குறைவு. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தவிலோடு பம்பையும் பழகுங்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது, தவில் உறைக்குள் இருக்கும். அம்மன் கோயில்களில் பம்பைக்குத்தான் அப்போது அழைப்பு. இரண்டும் தெரிந்தவரைச் செட்டு விடாது.

ஓசூர் குளிரையும் கணக்கில் வையுங்கள். தை மாதம் விடியற்கால முகூர்த்தம். சீவாளியை வாயில் ஊறவைத்து, கெண்டையில் செருகி, ஆதார சட்ஜத்தை ஊதிப் பாருங்கள். சுருதிப் பெட்டிக்கு ஒரு மயிரிழை கீழே நிற்கும். குழலுக்குள் காற்று குளிர்ந்திருந்தால் சுருதி இறங்கும், பெட்டி இறங்காது. கால் மணி நேரம் முன்னதாகப் போய், மெல்ல ஊதிக் குழலைச் சூடேற்றிக்கொண்டு உட்காருங்கள். தவிலுக்கும் பனி ஆகாது. ஈரத்தில் தோல் தளர்ந்து வலந்தலை மந்தமாகும். வேனிலிருந்து இறக்கியதும் நட்டைத் திருகிப் பாருங்கள்.

முறையாகப் படிக்க வேண்டும் என்றால் கிருஷ்ணகிரியில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நாதஸ்வரம், தவில் இரண்டும் அங்கே மூன்று வருடப் படிப்பு. 12 முதல் 25 வயது வரை சேரலாம். ஷிப்டோடு அது ஒத்துவராதவர்கள் செட்டில் மூத்தவரிடம் உட்கார்ந்து கற்பதுதான் வழி, அதிலும் குறைவில்லை.

குழல் வாங்கப் போகும் நாளில் தனியாகப் போகாதீர்கள். உங்கள் செட்டின் முதல் நாயனக்காரரைக் கூட்டிக்கொண்டு, அவர் குழலையும் எடுத்துப் போங்கள். இரண்டையும் சேர்த்து ஊதிப் பார்த்து, அவர் தலையசைத்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.