ஏலகிரியில் கூடாரம்

கேள்வி: குடும்பத்தோடு ஏலகிரியில் கூடாரம் போட்டுத் தங்க ஆசை. இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?
வாசகர், மணப்பட்டு

பதில்: செஞ்சி, திருவண்ணாமலை வழியாகத் திருப்பத்தூர் போய்விட்டால், அதற்கப்பால் 14 கொண்டை ஊசி வளைவுகள். தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களைத் தாங்கிய வளைவுகள் அவை. ஒன்று நம் பாவேந்தர் பெயரில் இருக்கிறது; புதுச்சேரிக்காரர் அதில் ஒரு நிமிடம் நின்று போகலாம், தப்பில்லை!

ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம். உங்கள் கடற்கரையைவிட ஆறேழு டிகிரி குளிர்ச்சி. ஆகவே 'நல்ல காட்சி' என்று விளம்பரப்படுத்தும் மலை விளிம்பு வேண்டாம். இரவுக் காற்று அங்கேதான் கூடாரத்தைப் பிய்க்கும். பள்ளமும் வேண்டாம், ஒரு மழைக்கே குட்டையாகிவிடும். லேசாகச் சரிந்த மேட்டு நிலம்தான் சரி. படுக்கும்போது தலை மேட்டுப் பக்கம் இருக்கட்டும். காய்ந்த கிளை தொங்கும் மரத்தடி நிழல் எவ்வளவு குளுமையாக இருந்தாலும் விலகிவிடுங்கள். உங்கள் ஊர் மணலில் நிற்காத முளை, மலை மண்ணில் கல்லில் முட்டி வளையும். இரும்பு முளையும் ஒரு சுத்தியலும் எடுத்துப் போங்கள்.

பணம் கட்டுமுன் கழிப்பறையை நேரில் பாருங்கள், படத்தை நம்பாதீர்கள். காட்டுக்குள் தங்க வனத்துறை அனுமதி கட்டாயம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத் தீயில் மலையேறச் சென்றவர்கள் மாண்டதை மறக்க முடியுமா? கோடையில் புல் காய்ந்து கிடக்கும், விறகு அடுப்பு மூட்டாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. தை மாதம் போங்கள். கம்பளி மட்டும் கூடுதலாக ஒன்று.