பழைய பதிவேடுகளில் முன்னோரைத் தேடுதல்

பாடசாலையில் குடும்ப மரம் வரையும் வேளையில், சுவிஸ் பிள்ளைகள் சிலர் ஆறு தலைமுறைகளை எழுதிவிடுகின்றனர். எமது பிள்ளைகளோ பெரும்பாலும் அப்பப்பா, அம்மம்மாவுடன் நின்றுவிடுகின்றனர். இதற்கு மறதி மட்டும் காரணமன்று; பதிவு முறையின் வேறுபாடும் காரணமாகும்.

சூரிச்சில் 1526ஆம் ஆண்டிலும் இங்கிலாந்தில் 1538ஆம் ஆண்டிலும் தேவாலயப் பதிவேடுகள் தொடங்கின. சுவிற்சர்லாந்து முழுவதிலும் 1876 முதல் அரசே பதிவு செய்கிறது. இங்கு குடும்பப் பெயரைப் பின்பற்றித் தேடலாம். எமது வழக்கில் தந்தையின் பெயர் முன்னே வருவதால் அது தலைமுறைதோறும் மாறும். ஆகவே ஊரையும் உறவையும் பின்பற்றியே தேடுதல் வேண்டும்.

1. முதலில் வீட்டு மூத்தோரிடம் கேளுங்கள். பெயர், ஊர், குறிச்சி, மணம் செய்த ஊர் ஆகியவற்றை உடனே எழுதி வையுங்கள். போரில் ஆவணங்களை இழந்த குடும்பங்களுக்கு மூத்தோரின் நினைவே முதற் பதிவேடு.

2. இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவுக்கான கட்டளைச் சட்டம் 1867இல் இயற்றப்பட்டது. உறுதிப்படுத்திய பிரதிகளுக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

3. கிறிஸ்தவக் குடும்பத்தினர் பங்குப் பணிமனைக்கு எழுதலாம். திருமணப் பதிவு பெற்றோரின் பெயரைத் தரும். ஞானஸ்நானப் பதிவு ஞானப் பெற்றோரையும் காட்டும். கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரக்குறிப்பில் பிற்காலத் திருமணமும் குறிக்கப்படுவது முறை.

4. சைவக் குடும்பத்தினர் சாதகங்களையும் காணி உறுதிகளையும் பார்க்கலாம். 1707இல் ஏட்டில் வந்த தேசவழமைச் சட்டத்தின்கீழ் எழுதப்பட்ட சீதன உறுதிகள், தாய்வழியை அறியப் பெரிதும் உதவும்.

இரு எச்சரிக்கைகள்: யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் ஆண்ட 1658 முதல் 1795 வரையான காலத்தில், திருமணமும் வாரிசுரிமையும் தேவாலயப் பதிவைச் சார்ந்திருந்தன. எனவே சைவராக வாழ்ந்த பலரும் ஞானஸ்நானம் பெற்றனர். தோம்பில் பெயர் இருப்பதால் மட்டும் ஒருவரின் சமயத்தை முடிவு செய்யலாகாது. 1816இல் வந்த அமெரிக்க மிஷனின் பாடசாலைகளில், மாணவர் பலருக்கு நன்கொடையாளரின் பெயர் இடப்பட்டது. ஆகவே ஆங்கிலப் பெயரைக் கண்டு அவர் அந்நியர் என ஒதுக்கிவிடாதீர்கள். ஒரே ஊரில் ஒரே பெயர் பலருக்கு இருக்கும். பெயரோடு வேறு இரு விவரங்களேனும் பொருந்திய பின்னரே உறவை இணையுங்கள்.

ஞானஸ்நானச் சான்றிதழ் பிறப்புச் சான்றிதழ் ஆகாது என்பதையும் நினைவிற் கொள்க.

இங்கு பதிவாகும்போது எம்மில் பலருடைய தந்தையின் பெயர் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. இனிவரும் தலைமுறைகளும் அந்த ஒருவரின் பெயரையே தாங்கும். அவர் யார், எவ்வூரார் என்பதைச் சொல்லக்கூடியவர் இன்று உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். இந்த வார இறுதியிலேயே அவரிடம் கேளுங்கள்.