ஆங்கிலம் அறிவோம்: ‘ஹேவ்’ படும் பாடு



ஆங்கில வகுப்பில் பதில் தெரிந்தாலும் நம்மில் பலர் எழுந்திருப்பதில்லை. தப்பாகிவிட்டால் சிரிப்பார்களே என்ற பயம்தான். அந்தப் பயம் கொஞ்சம் குறைய, இந்த வாரம் ஒரே ஒரு வினைச்சொல்லைப் பார்ப்போம். அது ‘ஹேவ்’.

1. உடைமை: ‘எனக்குத் தம்பி இருக்கிறான்’ என்கிறோம். இதில் தம்பிதான் எழுவாய். அதனால் ‘இருக்கிறான்’. தங்கை என்றால் ‘இருக்கிறாள்’. ஆங்கிலத்தில் யாருக்கு இருக்கிறதோ அவரே எழுவாய். ‘ஐ ஹேவ் எ பிரதர்’, ‘ஐ ஹேவ் எ சிஸ்டர்’. தம்பியோ தங்கையோ, ஹேவ் மாறாது. ஹி, ஷி, இட் வந்தால் மட்டும் ‘ஹேஸ்’. இறந்த காலத்தில் எல்லாருக்கும் ‘ஹேட்’.

2. உடம்பு: எனக்குக் காய்ச்சல் இருக்கு – ‘ஐ ஹேவ் எ ஃபீவர்’.

3. முடிந்த வேலை: நான் எழுதியிருக்கிறேன் – ‘ஐ ஹேவ் ரிட்டன்’.

4. கட்டாயம்: நான் போக வேண்டியிருக்கு – ‘ஐ ஹேவ் டு கோ’.

நாலையும் உற்றுப் பாருங்கள். தமிழில் எல்லாவற்றிலும் ‘இரு’ ஒளிந்திருக்கிறது! ஆக, இந்த ஹேவ் நமக்கு அந்நியமே இல்லை. நாம் ‘இரு’ போடும் பல இடங்களில் அவர்கள் ‘ஹேவ்’ போடுகிறார்கள், அவ்வளவுதான்.

5. சாப்பாடு: இங்கே மட்டும் ‘இரு’ உதவாது. ‘ஐ ஹேவ் லஞ்ச் அட் ஒன்’ என்றால் ஒரு மணிக்குச் சாப்பிடுவேன் என்று பொருள்.

கவனிக்க: ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ சரி. சாப்பிடுவது இப்போது நடக்கிற செயல். ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ தவறு. தம்பிகள் இருப்பது செயல் இல்லை, நிலை. அதற்கு ‘ஹேவிங்’ வராது. அப்படிச் சொன்னால் ரெண்டு தம்பியையும் சாப்பிடுகிறோம் என்று நினைத்துவிடப் போகிறார்கள்!

முயற்சி செய்யுங்கள்:
அ) அவளுக்கு மூன்று ஆடுகள் இருக்கின்றன.
ஆ) நாங்கள் பாடம் படித்திருக்கிறோம்.
இ) அம்மா கடைக்குப் போக வேண்டியிருக்கு.

மனசுக்குள் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தப்பு வந்தால் திருத்துங்கள், சிரிக்காதீர்கள். இன்று சிரிப்பு வாங்கியவர் நாளைக்கு வாயே திறக்க மாட்டார். விடைகள் அடுத்த இதழில்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி